மதினியை விசாரிக்க வந்த ஏட்டையா

"கடைசியா ரெண்டு பேரும் எப்பச் சண்டை போட்டீக?"

எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு ஏட்டையா இப்படிக் கேட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணனும், அவனை ஒட்டி இன்னொன்றில் மதினியும் ஸ்டுடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்களைப் போல விறைத்திருந்தார்கள். மதினி பட்டுச்சேலை கட்டி, கனகாம்பரம் வைத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். எந்தக் கேள்வி வந்தாலும் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருந்தோம். இந்தக் கேள்வி வரும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மதினிக்குச் சொந்த ஊர் மணிலா. அண்ணன் சிங்கப்பூரில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டியபோது, அங்கே பைண்டிங் பிரிவில் இருந்தவள். திருமணத்தை அங்கேயே பதிவு செய்துவிட்டு எங்களிடம் போனில்தான் சொன்னார்கள். அம்மா மூன்று வேளை சாப்பிடவில்லை. நான்காவது வேளை பசி தாங்காமல் சாப்பிட்டுவிட்டு, பேச்சை மட்டும் நிறுத்திவைத்தாள். பிறகு சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் அண்ணனுக்கு ஃபோர்மேன் வேலை கிடைக்க, இருவரும் எங்கள் ஊரான ஆமத்தூருக்கு வந்துவிட்டார்கள். எண்ணெய் மண்டிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மணிலா என்றும் ஒரு பெயர் உண்டு. அதனால் வந்த வாரமே தெருவில் அவள் 'கடலை மதினி' ஆகிவிட்டாள்.

அம்மாவின் மௌனத்தை உடைத்தது கருவாடு. ஒருநாள் அம்மா நெத்திலிக் கருவாட்டை வறுத்தபோது மதினி வாசனை பிடித்துக்கொண்டே அடுப்படிக்கு வந்து, சட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்று, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவர்கள் ஊரிலும் காலைச் சாப்பாட்டுக்குச் சோறும் கருவாடும்தானாம். "நம்ம புள்ள மாதிரில்ல திங்கிறா" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து மதினிக்கு எங்கள் வீட்டில் இடம் கிடைத்துவிட்டது. நாட்டில் இடம் கிடைப்பதற்குத்தான் பெரும்பாடாகிவிட்டது.

விசாவை நீட்டித்து நீட்டித்து ஓட்டியபின், இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் நிரந்தரமாக இங்கே தங்குவதற்கு விண்ணப்பித்தார்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரர், "இது முடியிற வரைக்கும் நாட்டைவிட்டு வெளிய போகாதீக, சிக்கலாயிரும்" என்று சொல்லியனுப்பினார். அவர் சொன்னது சட்டமா, அவருடைய சொந்த அபிப்பிராயமா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அதே மாதம் மணிலாவில் மதினியின் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். ஆபரேஷன், பிறகு படுக்கை, எல்லாவற்றையும் மதினி போன் திரையில்தான் பார்த்தாள். திரையில் சிரித்துப் பேசிவிட்டு, போனை வைத்ததும் கொல்லைப்பக்கம் போய்த் துவைத்த துணியையே திரும்பத் துவைப்பாள். ஆகவே அந்த அனுமதி எங்களுக்கு வெறும் காகிதம் இல்லை.

போலீஸ் விசாரணைக்கு ஆள் வரும் என்று தெரிந்ததும் அம்மா களத்தில் இறங்கினாள். வீடு வீடாகப் போய், "நகமும் சதையுமா இருக்காகன்னு சொல்லுங்க, வேற ஒண்ணும் பேச வேண்டாம்" என்று பாடம் நடத்திவிட்டு வந்தாள். என் பங்குக்கு நானும் கெடுத்தேன். தினக்காலண்டருக்குப் புரூஃப் பார்க்கிற வேலை எனக்கு. ராகுகாலம், எமகண்டம் தப்பாமல் பார்த்துப் பார்த்து, பிழை என்றால் கை பரபரக்கும். மதினியோ தமிழைத் தெருவில் கற்றவள். தெருப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டு, 'ஏலே' என்பது எல்லோருக்கும் பொதுவான அழைப்பு என்று நினைத்துக்கொண்டு, அண்ணனையும் ஏலே என்பாள், பால்காரரையும் ஏலே என்பாள். போலீஸ்காரர் முன்னால் இப்படிப் பேசினால் என்னாவது என்று பயந்து, நல்ல தமிழில் நாலு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன்.

அதன் விளைவுதான் அந்த முதல் விசாரணை. ஏட்டையா தெருவில் யாரைக் கேட்டாலும் நகமும் சதையும்தான். எதிர்வீட்டு மாமாவுக்குக் காது மந்தம். அவர் கேள்வி வருவதற்கு முன்பே, "நகமும் சதையும்யா!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்குள் வந்து மதினியிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தால், "நாங்கள் இன்புற்று வாழ்கின்றோம், ஐயா" என்றாள். ஏட்டையாவின் புருவம் மேலே ஏறியது. அப்போதுதான் அந்தச் சண்டைக் கேள்வி வந்தது.

"சண்டையே வந்ததில்லைங்கய்யா" என்றான் அண்ணன்.

"இல்லை, ஐயா. என்றும் இல்லை" என்றாள் மதினி.

ஏட்டையா பேனாவை மூடினார். "கல்யாணமாகி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு சண்டை கூடவா இல்ல? எங்கயோ இடிக்குதேப்பா. வீசாவுக்காகப் பேருக்குக் கல்யாணம் பண்றவுக இருக்காக. நான் மறுபடி வந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைத் தொடாமல் கிளம்பிவிட்டார். அவர் போனதும் மதினி பட்டுச்சேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எங்கம்மாவைப் பாக்க முடியாதா?" என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டாள். அண்ணன் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். "எல்லாம் ஒன் செந்தமிழால வந்தது" என்று அம்மா என்மேல் பாய்ந்தாள்.

ஏட்டையா மறுபடி வருவதாகச் சொன்னாரே தவிர, என்றைக்கு என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீரும் அப்படித்தான். ஒரு வாரம் கழித்தும் வரும், பத்து நாள் கழித்தும் வரும். வருகிற நேரத்தில் ஆள் இருந்து மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பாவிட்டால், அடுத்த முறைவரை லாரித் தண்ணீர்தான். அன்று சாத்தூரில் ஒரு சடங்கு வீடு. அம்மாவும் மதினியும் நானும் போயிருந்தோம். காவலுக்கு அண்ணன். நாங்கள் திரும்பி வந்தபோது தெருவெல்லாம் ஈரம், எல்லார் வீட்டுக் குடமும் நிறைந்திருந்தது. எங்கள் தொட்டியில் மட்டும் பல்லி ஓடியது. அண்ணன் காதில் போன் வயரை மாட்டி கிரிக்கெட் கேட்டபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஏலே!" என்று மதினி போட்ட சத்தத்தில் அண்ணன் கட்டிலிலிருந்து விழுந்தே விட்டான். "மனுசனா நீ? நேத்து ராத்திரியே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? இப்ப எதுல சோறு பொங்க? எதுல குளிக்க? ஒன் கிரிக்கெட்டுலயா?"

"அசந்துட்டேன்மா..."

"அசந்துட்டானாம்! போன தடவையும் அசந்துட்டான்! இவனுக்கு வாய்ச்சதே அசதி!"

சண்டை வாசலுக்கு வந்தது. மதினி காலிக் குடத்தை வாசற்படியில் 'ணங்'கென்று வைத்து நிமிர்ந்தாள். எதிரே, பைக்கிலிருந்து ஒரு காலை மட்டும் இறக்கிய நிலையில், ஏட்டையா நின்றுகொண்டிருந்தார்.

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மதினி மட்டும் பயப்படவில்லை. நியாயம் கேட்க ஆள் கிடைத்துவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "நீங்களே சொல்லுங்க ஏட்டையா! வீட்டுல ஒரு ஆம்பள இருந்தும் தொட்டி காஞ்சு கெடக்கு. இது ஞாயமா?"

ஏட்டையா அண்ணனைப் பார்த்தார். "ஏன்ப்பா, மோட்டாரு போடலையா?"

"தூங்கிட்டேன்யா."

"எங்க வீட்ல போன வாரம் நானு" என்றார் ஏட்டையா, தாழ்ந்த குரலில்.

அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "இன்னைக்கித்தான்யா இப்பிடி, மத்தபடி நகமும் சதை..." என்று ஆரம்பித்தாள். ஏட்டையா கையமர்த்தினார். அதற்குள் தெரு கூடிவிட்டது. சண்டை வெளிப்பட்டுவிட்டதால் இனி பாடம் ஒப்பிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தவர்களைப் போல ஆளுக்கொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். "தெனமும் இப்பிடித்தான்யா. முந்தாநாளு கருவாட்டுக்குச் சண்டை." "கோயிலுக்குப் போகையில பைக்கில ஏற மாட்டேன்னு இந்தப் புள்ள நடந்தே போச்சு. அவன் பின்னாலயே பைக்கை உருட்டிக்கிட்டுப் போனான்." "அவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப வஞ்சுக்கிட்டே கஞ்சி ஊட்டுச்சுய்யா." ஏட்டையா பைக் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். அம்மா தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுதி முடித்ததும் ஏட்டையா குடிக்கத் தண்ணீர் கேட்டார். மதினி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அண்ணன் எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் வாங்கிவந்தான்.

"பேருக்குப் புருசன் பொண்டாட்டியா இருக்கிறவுக தண்ணிக்கு இம்புட்டுச் சண்டை போட மாட்டாகம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஏட்டையா கிளம்பிப் போனார். அவர் சொன்னது நல்லதா கெட்டதா என்று அம்மாவுக்கு அன்று சாயங்காலம்வரை விளங்கவில்லை.

அனுமதி வருவதற்குச் சில மாதங்கள் ஆயின. வந்த அன்று மதினி அதை அம்மா கையில் கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசரி கிண்டினாள். அந்தக் கேசரி தீர்வதற்குள் மதினி மணிலாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். ஒரு மாதம் இருந்து தன் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். தெருவுக்கு இது புரியவே இல்லை. "இங்கயே இருக்கணும்னு அம்புட்டு அலைஞ்சிட்டு, கெடச்சதும் கெளம்பிட்டாளே!" தைரியமாகப் போய்வருவதற்குத்தான் தங்கும் உரிமை வேண்டியிருந்தது என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்பவில்லை. அம்மா நம்பினாள், முதல் ஒரு மாதம்.

மணிலாவில் அந்த அம்மா கைத்தடி பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். இன்னும் கொஞ்ச நாள் பக்கத்தில் இருக்கிறேன் என்று மதினி போனில் கேட்டபோது, "இருந்துட்டே வாத்தா, பெத்தவளைப் பாக்காம வேற என்ன வேலை" என்று அம்மா பெருந்தன்மையாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டு அன்று கருவாட்டை வெளியே எடுக்கவே இல்லை. வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. அண்ணன் வேலைக்குப் போய்வந்தான், சாப்பிட்டான், படுத்தான். அத்தனை அமைதியான வீட்டில் நான் அதுவரை இருந்ததில்லை. தாங்க முடியவில்லை.

ஒருநாள் என்னோடு விருதுநகர் பஸ்ஸுக்கு நின்றிருந்த அம்மா, டீக்கடையில் ஏட்டையாவைப் பார்த்ததும் விறுவிறுவென்று அவரிடம் போனாள். மருமகள் போய் இரண்டு மாதமாகிறது என்று சொல்லி, அப்படிப் போனவர்கள் இத்தனை நாளுக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்று சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

ஏட்டையா டீ கிளாசைக் கீழே வைத்தார். "அதெல்லாம் இல்லம்மா. அனுமதி குடுத்தாச்சு. இனி எப்பப் போகணும், எப்ப வரணுங்கிறது அவுக இஷ்டம்."

விருதுநகர் பஸ் வந்து நின்றது; அம்மா ஏறவில்லை.

"அப்ப எதுக்குய்யா எங்களை அம்புட்டு விசாரிச்சீக?" என்றாள்.