முத்தியால்பேட்டை வாயை மூடிக்கொண்ட நாள்

எங்கள் தெருவில் பால்காரருக்கும் பிரெஞ்சு தெரியும், மீன்காரம்மாவுக்கும் தெரியும், தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய்க்கும் தெரியும். படித்துத் தெரிந்துகொண்ட பிரெஞ்சு இல்லை. மொத்தமே நான்கு வார்த்தை. ‘ஆவான் மார்ஷ்’ என்றால் நட. ‘ஆல்ட்’ என்றால் நில். ‘தெமித்தூர்’ என்றால் திரும்பு. ‘ரெப்போ’ என்றால் விறைத்து நின்றது போதும், உடம்பைத் தளர்த்திக்கொள். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிச் சுருட்டிக்கொண்டு போய் ரெண்டு மூன்று வருஷம் ஆகியும் இந்த வார்த்தைகள் மட்டும் முத்தியால்பேட்டையில் தங்கிவிட்டதற்குக் காரணம் எங்கள் சித்தப்பா.

சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சண்டை நடந்துகொண்டிருந்த சைகோனுக்குக் கப்பலேறியவர். அப்படிப் போனவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். கல்யாணமான கையோடு போனார். அங்கே அவர் ஏறியிருந்த லாரியைக் கண்ணிவெடி தூக்கிப் போட்டதில் தலையில் அடி. திரும்பி வந்தபோது நெற்றிக்கு மேலே ஒரு பள்ளம் இருந்தது. மற்றபடி ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார். சோறு வைத்தால் சாப்பிடுவார். சட்டையை எடுத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்வார். பெயரைக் கேட்டால் சொல்வார். ஆனால் அவராக யாரையும் எதையும் கேட்கமாட்டார். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கக்கூட அவருக்குத் தோன்றாது. சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், பஸ்ஸில் யாரோ ஒரு பெண்பிள்ளைக்கு இடம் விடுவதுபோல மரியாதையாகத் தள்ளி உட்காருவார். அதைப் பார்த்து நான் சிரிப்பேன். அம்மா என் தலையில் குட்டுவாள்.

அவராகச் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று, நடப்பது. கதவு திறந்திருந்தால் போதும், கிளம்பிவிடுவார். எங்கே என்று கிடையாது. அப்பா மில்லில் வேலை முடிந்து வந்து, முகத்தைக்கூடக் கழுவாமல் தம்பியைத் தேடிக்கொண்டு போவார். வேப்பிலை அடித்தாயிற்று, தர்காவில் ஓதித் தண்ணீர் தெளித்தாயிற்று, மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தியும் கொண்டுபோய் ஏற்றியாயிற்று. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், மூளையில் பட்ட அடிக்கு மருந்து இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் சர்ஜான் மாமாவின் சங்கம் இருந்தது. அவர் பட்டாளத்தில் சர்ஜானாக, அதாவது சார்ஜெண்டாக இருந்து ஒரு காலைப் பறிகொடுத்துவிட்டு, மரக்காலோடு வந்தவர். சண்டையில் அடிபட்டு வந்தவர்களையும் அவர்கள் வீட்டாரையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார வைப்பார். போர்டு கிடையாது, தலைவர் கிடையாது. ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொல்வாள், இன்னொருத்தி நான் இப்படிச் செய்தேன் என்பாள். சட்டையைத் தினம் ஒரே ஆணியில் மாட்டினால் தேடிக்கொண்டு கத்தமாட்டார். கை நடுங்குகிறவருக்குச் சவரம் செய்யும்போது ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யணும். நீ குழாயடிக்குப் போகணுமா, என் வீட்டுக்காரர் வந்து உன் வீட்டுக்காரர்கூட உட்கார்ந்திருப்பார். இவ்வளவுதான் சங்கம். சித்தி கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது முகம் வாடியிருக்கும், சங்கத்துக்குப் போய்விட்டு வரும்போது தெளிவாக இருக்கும். நான் கூடவே போவேன். அங்கே கொடுக்கும் அவல் உருண்டைக்காகத்தான்.

ஒரு ஞாயிறு, வைத்திக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் மீன்காரம்மா காலிக் கூடையோடு அங்கே வந்து நின்றாள். அவள் மகன் கட்டுமரம் அலையில் புரண்டு தலையில் அடிபட்டவன். பேச்சு திக்கித் திக்கித்தான் வரும், இடது கை எது வலது கை எது என்று தெரியாது. சர்ஜான் மாமா சங்கடத்தோடு, “இது சொல்தாவுங்க சங்கம்மா” என்றார்.

பின்னாலிருந்து சித்தி கேட்டாள்: “அடிபட்டது தலையா, தொப்பியா மாமா?”

சர்ஜான் மாமா மரக்காலைத் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு பாயை எடுத்துவந்து விரித்தார்.

அந்த நான்கு வார்த்தையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். நாற்சந்தியில் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரரைப் பார்த்தால் சித்தப்பா சலாம் அடித்து விறைத்து நின்றுவிடுவார், ‘ரெப்போ’ சொன்னால்தான் அசைவார். இதைக் கவனித்த சர்ஜான் மாமா மற்ற வார்த்தைகளையும் சொல்லிப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தது. உடனே தெருத்தெருவாகப் போய், கடைக்காரர், பால்காரர் எல்லோருக்கும் கற்றுக் கொடுத்துவிட்டார். வழி தவறி நிற்கிற சித்தப்பாவைப் பார்க்கிறவர்கள் வீட்டுப் பக்கம் திருப்பி ‘ஆவான் மார்ஷ்’ சொல்லி அனுப்புவார்கள். அவர் கை வீசி வருவார். வீட்டு வாசலில் யாராவது ‘ஆல்ட்’ சொல்வோம். மீன்காரம்மா தலையில் கூடையோடு நின்றுகொண்டு ‘தெமித்தூர்’ என்று அதட்டுகிற அழகைப் பார்க்க அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவோம்.

சித்திக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வந்ததே இல்லை. “சாப்பிட வர்றீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தட்டோடு நிற்பாள். அவர் யோசிக்கிறார் போலவும் இருக்கும், இல்லை போலவும் இருக்கும். சோறு ஆறிப்போகும். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. நான் ‘ஆவான் மார்ஷ்’ என்றதும் உடனே எழுந்து வருவார். அப்போது சித்தி என்னைப் பார்க்கும் பார்வை நன்றாக இருக்காது. சங்கத்திலும் சொல்லிப் பார்த்தாள், அவரை வண்டி மாடு மாதிரி ஓட்டுகிறோம் என்று. வண்டி மாடு ஒழுங்காக வீடு வந்து சேருகிறதே என்று சர்ஜான் மாமா வாயை அடைத்துவிட்டார்.

அந்த மாடு ஒருநாள் வீடு வந்து சேரவில்லை. பால்காரர் மார்க்கெட் பக்கம் சித்தப்பாவைப் பார்த்து, வழக்கம்போல் திருப்பி, ‘ஆவான் மார்ஷ்’ சொல்லி அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சித்தப்பாவும் சரியாகத்தான் வந்திருக்கிறார். அன்றைக்கென்று சித்தி குழாயடியில், நான் பள்ளிக்கூடத்தில், அம்மா பின்கட்டில் மாவாட்டிக்கொண்டிருக்கிறாள். வாசலில் ‘ஆல்ட்’ சொல்ல ஆள் இல்லை. ஊருக்கே அவரைக் கிளப்பக் கற்றுக்கொடுத்தவர்கள், நிறுத்த ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. தன் வீட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, சித்தப்பா போய்க்கொண்டே இருந்திருக்கிறார்.

சாயங்காலம் மீன்காரம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். குப்பத்துக் கரையில் முழங்கால் தண்ணீரில் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நடை போட்டுக்கொண்டிருந்தாராம். பார்த்தவன் அவள் மகன். அவனுக்கு அந்த நான்கு வார்த்தையும் வாயில் வராது. அதனால் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மணலில் உட்கார வைத்திருக்கிறான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரெண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வந்து தம்பியின் தோளைத் தொட்ட பிறகும் அந்தப் பையன் கையை விடவில்லை.

அப்பா கோபக்காரர் இல்லை, களைத்துப் போனவர். அன்றைக்கு விளக்கு வைத்ததும், “எந்தம்பியக் கடலுக்குக் குடுக்க என்னால ஆவாது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுடலாம். அங்க கேட்டுக்குப் பூட்டாவது இருக்கு” என்றார்.

சித்தி அதுவரை அப்பாவிடம் நேராகப் பேசியதே கிடையாது, மூத்தார் இல்லையா. எதிரிலேயே நின்றாலும், “மாமாகிட்ட சொல்லுங்கக்கா” என்று அம்மா வழியாகத்தான் பேச்சு. அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தாள். “மாமாகிட்ட சொல்லுங்கக்கா, அவருக்கு நிக்கத் தெரியாம இல்ல. நாமதான் பழக்கல.” அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். உடனே சித்தி அம்மாவைத் தாண்டி வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “பூட்டிட்டா அவரு எனக்குத் திரும்பவே மாட்டாரு மாமா.”

அடுத்த ஞாயிறு அப்பாவும் சங்கத்துக்கு வந்தார். ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் ஒரு முடிவு. மார்க்கெட் வாசலில் சித்தப்பாவை விட்டுவிட வேண்டியது. யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், அவராக வீடு வந்து சேர்ந்தால் மெட்ராஸ் பேச்சை அப்பா எடுக்கமாட்டார். சேராவிட்டால் சித்தி குறுக்கே நிற்கக்கூடாது. ஊரின் வாயை அடைக்கும் வேலை சர்ஜான் மாமாவுக்கு. அவர் கற்றுக்கொடுத்ததை அவரே வீடு வீடாகப் போய், டொக் டொக்கென்று மரக்கால் சத்தம் கேட்க, தயவுசெய்து மறந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

குறித்த அன்று காலையில் வெயில் ஏறும் முன்பே சித்தப்பாவைக் கொண்டுபோய் விட்டார்கள். சித்தி கொஞ்சம் பின்னால் நடந்தாள். நானும் அடம் பிடித்துச் சேர்ந்துகொண்டேன். முத்தியால்பேட்டை அவ்வளவு அமைதியாக இருந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. பால்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மீன்காரம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சித்தப்பா ஒவ்வொரு முக்கிலும் நின்று யார் முகத்தையாவது பார்த்தார், வார்த்தை வரும் என்று. சைக்கிள் கடை பாய் எதிரில் நின்று பார்த்தபோது அந்த மனிதருக்குத் தாங்கவில்லை. நன்றாக இருக்கிற டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்துவிட்டார்.

சித்தப்பா தப்பான தெருவில் திரும்பினார். நெசவுக்காரர்கள் வீடுகளைச் சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்தார். மறுபடி போனார். வெயில் ஏறிவிட்டது. “தெமித்தூர்னு சொல்லு சித்தி, யாருக்கும் தெரியாது” என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள். கையில் வெங்காய வாசனை. அப்படியே பொத்திக்கொண்டே நடந்தாள்.

நாற்சந்திக்கு வந்ததும்தான் தெரிந்தது, ஊருக்கெல்லாம் சொன்ன சர்ஜான் மாமா சிவப்புத் தொப்பிக்காரரிடம் சொல்ல மறந்துவிட்டார். சித்தப்பா சலாம் அடித்து நின்றார். போலீஸ்காரர் நல்ல மனுஷர். பதில் சலாம் வைத்து ‘ரெப்போ’ என்றார். பிறகு, தினம் செய்கிற உதவியாக, ‘ஆவான் மார்ஷ்’ என்றார். சித்தப்பாவின் முகம் அப்போது கடலைப் பார்த்து இருந்தது. சித்தியின் விரல்கள் என் கன்னத்தில் பதிந்தன. எல்லாம் முடிந்தது என்று எனக்கே தெரிந்தது.

சித்தப்பா காலைத் தூக்கினார். தூக்கிய காலைத் திரும்ப அங்கேயே வைத்தார்.

“இருங்க” என்றார். “யோசிக்கிறேன்.”

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சித்தப்பா போய் மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தெருவாகப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு மனுஷன் யோசிப்பதை நான் பார்த்ததில்லை. எனக்குக் கால் வலித்தது, பசித்தது, எரிச்சலாக வந்தது. சித்தி ஒரு பந்தல்கால் ஓரமாக நின்று, மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். கை வீசாமல், எல்லோரையும்போல.

எங்கள் தெரு வந்தது. வாசலில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பா வீட்டை ரெண்டு எட்டுத் தாண்டிப் போனார். அம்மா கதவுக்குப் பின்னால் சாமி பெயரை முணுமுணுத்தாள். சித்தப்பா அங்கே நின்றார். திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

பின்னாலேயே நாங்கள் நுழைந்தோம். சித்தியின் முகமெல்லாம் வியர்வை, கால் முழுக்கப் புழுதி. சித்தப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவ்ளோ நேரம் எங்க போயிருந்த?” என்றார். “தண்ணி குடு.”

சித்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். காலி சொம்பை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனவள் தவலைப்பானை பக்கத்தில் உட்கார்ந்து, புடவையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயிலில் காலெல்லாம் கொப்பளிக்க அவர் பின்னாலேயே நடந்து வந்தவளைப் பார்த்து, வந்ததும் வராததுமாக இப்படி அதட்டினால் அழாமல் என்ன செய்வாள். கிட்டே போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“அழாத சித்தி. நீ எங்கயும் போவல, பின்னாடியேதான் வந்தேன்னு நான் போய் சித்தப்பாகிட்ட சொல்லிட்டு வர்றேன்.”

“சொல்லிடாதடி” என்றாள் சித்தி. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, “சொல்லிடாதடி, சொல்லிடாதடி” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் சொல்லவில்லை. ஆனால் சித்தப்பா மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. பெண்டாட்டியை இப்படிக் கேட்கிற மனுஷனுக்காகவா தெருவே வாயைக் கட்டிக்கொண்டு நின்றது என்று.