வகுப்பில் பேச்சுச் சத்தம்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்துவிட்டுப் போனார். இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும் – திருவனந்தபுரத்தில் பெண்கள் மிடில் ஸ்கூலில் கணக்கு டீச்சர். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்கள் பாடு என்ன என்று சொல்ல வேண்டுமா? தரை கழுவி, மேப் மாட்டி, பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டி... எல்லாம் செய்தோம். ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. பிள்ளைகளை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை.

காரணம், பகவதி.

பகவதியின் அப்பா சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடை வைத்திருக்கிறார். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். ஊரில் தமிழில் படித்த பெண் இங்கே வந்து மலையாள வகுப்பில் உட்கார்ந்தாள். கணக்கை வாசித்தால் எண்கள் காதில் விழும். அவற்றை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது விழாது. போன வருஷ இன்ஸ்பெக்‌ஷனில் கேள்வி கேட்டதும் எழுந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுவதும் தெரிந்துவிட்டது.

அவள் அப்பா மறுநாளே என்னைத் தேடி வந்தார்.

"டீச்சரே, இவ தலையிலே ஒண்ணும் ஏறாது போலிருக்கு. வாற வருசமும் இன்ஸ்பெக்டர் முன்னாலே இப்படி நின்னான்னா, படிச்சது மதி, போதும். வீட்டிலே இருக்கட்டும்."

தலையில் ஏறாதாம். எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் இந்தப் பெண் பதில் சொல்லாமல் நிற்கக் கூடாது – அன்றைக்கே முடிவு செய்தேன்.

நீயும் தமிழ்க்காரிதானே, நீயே சொல்லிக் கொடுக்கலாமே என்பீர்கள். பெரிய வகுப்பு. மூன்று நாலு பேருக்காக ஒவ்வொரு கணக்கையும் இரண்டு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தால் பாடம் எப்போது முடிவது? அதனால் தடுமாறுகிற ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒருத்தியை உட்கார வைத்தேன். பிள்ளைகளே அவளுக்குக் 'கூட்டுக்காரி' – மலையாளத்தில் சிநேகிதி – என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் பாடம் நடத்தும்போதே கூட்டுக்காரி மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வருவாள்.

பகவதிக்கு வாய்த்தவள் விசாலம். கரமனையில் எங்கள் தெருப் பெண், முதல் ராங்க். அவள் அம்மா என்னை வாசலிலேயே மடக்கினாள்.

"கோமு, நன்னாருக்கே நீ பண்றது. எம் பொண்ணு ஃபர்ஸ்ட் வர்றவளாக்கும். கண்டவாளுக்குச் சொல்லிக் குடுத்துண்டிருந்தா அவ ராங்க் என்னாகும்?"

என்ன ஆயிற்று தெரியுமா? பகவதி எதையும் சும்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். "இதை எதுக்குப் பெருக்கணும்? வகுத்தா என்ன?" என்பாள். விசாலத்துக்குப் பதில் தெரியாது. அதுவரை யாரும் அவளை ஏன் என்று கேட்டதில்லை. முகம் சிவக்க என்னிடம் ஓடி வருவாள். மனப்பாடத்தில் ராங்க் வாங்கிக்கொண்டிருந்தவள் உண்மையில் கணக்குப் படித்தது அந்தப் பெஞ்சில்தான். ராங்க் எங்கும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். இந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் புதியவர்; பம்பாய்ப் பக்கம். நம் பாஷைகள் இன்னும் பிடிபடவில்லை. அவர் இங்கிலீஷில் கேட்க, வலது பக்கத்தில் நின்ற குமாஸ்தா அதை மலையாளத்தில் சொன்னார். பிள்ளைகளின் பதிலை இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார்.

விசாலத்தின் உதடு அசைவதை அம்மாள் பார்த்துவிட்டார்.

"அந்தப் பெண் என்ன பேசுகிறாள்?"

விளக்கினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "இது சோம்பேறித்தனத்தை வளர்க்கும்" என்று சொல்லி விசாலத்தை முன் பெஞ்சுக்கு மாற்றினார். பகவதியை எழுப்பினார். பன்னிரண்டு ஆட்கள் பத்து நாளில் வெட்டும் கிணற்றைப் பதினைந்து ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? குமாஸ்தா அதைப் புத்தக மலையாளத்தில் சொன்னார்.

பகவதி நின்றாள். தாவணி முனையை விரலில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதே போன வருஷத்து நிற்பு.

"மேடம், குமாஸ்தா சாரைக் கொஞ்ச நேரம் வராந்தாவில் நிற்கச் சொல்ல வேண்டும். அடுத்த கேள்வியை நீங்களே கேளுங்கள்" என்றேன். வாசலில் நின்ற ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மாள் குமாஸ்தாவைப் போகச் சொன்னார். முன் பெஞ்சில் ஒருத்தியிடம் இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்தி ஒரு கணக்குக் கேட்டார். அவள் மலையாளத்தில் கடகடவென்று பதில் சொன்னாள். அம்மாள் வழக்கம்போல வலது பக்கம் திரும்பினார்.

அங்கே யாரும் இல்லை.

யாருக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிற இடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பெரிய உத்தியோகத்தில் இருந்தால் அந்த ஆளுக்குக் குமாஸ்தா என்று பெயர். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு மட்டும் அது சோம்பேறித்தனமா?

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அம்மாள் விசாலத்தைப் பார்த்து, பழைய இடத்துக்குப் போ என்று கை காட்டினார்.

விசாலம் இரண்டே வாக்கியம் சொன்னாள். பகவதி போர்டுக்குப் போய் எட்டு நாள் என்று எழுதினாள். எப்படி என்று நான் கேட்டதற்கு, "ஆளு கூடினா நாளு குறையணுமில்லா டீச்சர்? ஒத்தையாளுன்னா நூத்தி இருவது நாளு. அதைப் பதினஞ்சு பேரு பங்கு போட்டுக்கிட வேண்டியதுதான்" என்றாள். குமாஸ்தா வராந்தாவில். அதனால் விசாலமே எழுந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அதை இன்ஸ்பெக்டர் அம்மாளுக்குச் சொன்னாள்.

சாயங்காலம் நேரே அரிசிக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் அப்பா அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்தார்.

"அவளா சொன்னா?"

"அவளேதான்."

படியை மறுபடி எடுத்து அரிசிக்குள் அமிழ்த்தினார். "அப்போ படிக்கட்டும் டீச்சரே" என்றார். அந்தக் கடைத்தெருவில் நின்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் என்னவோ, என் வகுப்பில் பேச்சுச் சத்தம் அதிகம் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார். உண்மைதான். இன்று காலையும் அதிகமாகத்தான் இருந்தது.