தராசு கலைத்த கட்டு

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பதினெட்டு வருடமாக மாத்திரை எண்ணிக் கொடுப்பவளுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் தராசு. ஒரு மாத்திரை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. காலாவதித் தேதி நெருங்கியது முன்னால், தள்ளியிருப்பது பின்னால் என்று அலமாரியை அடுக்கி முடித்தால்தான் அவளுக்கு மூச்சே வரும். வேறு யாராவது அடுக்கினால், அவர்கள் தலை மறைந்ததும் இன்னொரு தடவை அடுக்குவாள். அப்பேர்ப்பட்டவள் அந்த வெள்ளிக்கிழமை வயிற்றுவலிக்காரரிடம் இருமல் மருந்தை நீட்டப் பார்த்தாள். கை பாதியில் நின்றுவிட்டது என்பது வேறு விஷயம்.

எல்லாம் மறுநாள் காலை பத்து மணியை நினைத்துத்தான். மருந்தகத்துக்கு இரண்டு கடை தள்ளி விளையாட்டுக் கார்டு விற்கும் கடை ஒன்று இருந்தது. அதன் மாடியில் சனிக்கிழமை அவளுடைய முதல் போட்டி.

மூன்று மாதம் முன்பு மழைக்கு அந்தக் கடையில் ஒதுங்கியவள், ஒரு மேசையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பதினெட்டு வருடமாக அவளுக்கு எதிரே வந்த முகமெல்லாம் எதையாவது கேட்டுக்கொண்டே வந்த முகம். இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்கவில்லை. கார்டைப் பார்த்தார்கள், யோசித்தார்கள், வைத்தார்கள். ஒரு நாளாவது அந்த மேசையில் சரிசமமாக உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவளுக்கு வந்த ஆசை, மழை விட்ட பிறகும் விடவில்லை. இரண்டு பெட்டி கார்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஒன்று அவளுக்கு, மற்றது நாத்தனாருக்கு. நாத்தனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். “உனக்கு மண்டையில ஒண்ணும் கிடையாது” என்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்த புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டால் மதியம்வரை அவள் சும்மாதான். தராசுக்கும் நண்பகலுக்கு மேல்தான் வேலை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆளுக்கு அறுபது கார்டு. அதில் நாற்பது வீரர்கள், இருபது சக்தி. சக்திக் கார்டு கையில் இருந்தால்தான் வீரனை மேசையில் இறக்க முடியும். சக்தி வராவிட்டால் எத்தனை வீரர்கள் இருந்தும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். மூன்று மாதத்தில் தராசு முப்பத்தொரு ஆட்டம் ஜெயித்திருந்தாள். நாத்தனார் நான்கு.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராசு கார்டு கடைக்கு ஓடினாள். பெயர் கொடுக்க வேண்டும். நிற்க முடியவில்லை. கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

“உங்களோட சேர்த்து ஏழு பேருதான்க்கா” என்றார் கடைக்காரர். “இன்னும் ஒருத்தர் வந்தா ஜோடி சரியா இருக்கும். உக்காருங்க, ஒரு ஆட்டம் போடலாம்.”

தராசு தன் கார்டுக் கட்டை எடுத்தாள். வழக்கம்போல இரண்டு வீரனுக்கு ஒரு சக்தி, இரண்டு வீரனுக்கு ஒரு சக்தி என்று வேகமாக அடுக்கினாள். பிறகு, அடுக்கியது கெட்டுவிடாதபடி இரண்டு தடவை பூப்போலக் கலைத்தாள்.

“அக்கா, என்ன பண்றீங்க?”

“ஒரே இடத்துல எல்லாம் சேர்ந்துடக் கூடாதுல்ல? ஒழுங்கு பண்றேன்.”

கடைக்காரர் சங்கடத்தோடு சிரித்தார். “இது கலைக்கிறதே இல்லக்கா. நாளைக்கு இப்படிச் செஞ்சா ஏமாத்துறீங்கன்னு எழுப்பி விட்டுருவாங்க. எது எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியக் கூடாது.”

தராசுக்குக் காது சுட்டது. ஏமாத்துறீங்க! ஒரு மாத்திரை தவறாதவளைப் பார்த்து! கோபப்பட்டால் தேவலை, ஆனால் கோபப்பட அந்த மனுஷன் இடம் கொடுக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. பெயர் கொடுக்காமலேயே திரும்பி வந்தாள். மீதி வேலைநேரம் முழுக்க முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று மனசு அடித்துக்கொண்டது.

ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனபோது நாத்தனார் வாசலில் வேனின் மிதியடிகளை உதறிக்கொண்டிருந்தாள். தராசு செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நான் உன்ன ஏமாத்திட்டேன்டி.”

“என்ன அண்ணி, என் டப்பாவுல இருந்த முறுக்கையா? அது தெரியும்.”

தராசு எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் சிரிப்பாள், இல்லை கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ மிதியடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

“அப்போ நீங்க அடுக்கி வெச்சு ஆடினீங்க. நான் குலுக்கிப் போட்டு ஆடினேன்.”

“ஆமா.”

“மூணு மாசமா, அவன் சொன்னது சரிதான் போலன்னு நெனச்சுட்டு இருந்தேன் அண்ணி. எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லதான் போலன்னு.”

யாரோ ஒரு கடங்காரன் ஆறு வருடம் சொன்னதை, தராசு மூன்று மாதம் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரூபித்துக் காட்டியிருக்கிறாள். தெரியாமல்தான் செய்தாள். ஆனால் அந்தச் சமாதானம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

“வா. இப்பவே ஆடுவோம்” என்றாள்.

கலைப்பது அவளுக்கு வரவே இல்லை. விரல்கள் பழைய புத்தியில் சக்திக் கார்டைத் தேடித் தேடிப் போயின. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கலைத்தாள். ஐந்து ஆட்டம். நாத்தனார் நான்கில் ஜெயித்தாள். நான்காவதில், கையில் இருந்த ஒரே வீரனை இறக்காமல் பொறுத்துப் பொறுத்து வைத்திருந்து அடித்தாள் பாருங்கள், தராசுக்கு எங்கே அடி விழுந்தது என்று புரியவே சிறிது நேரம் பிடித்தது. சொல்லிக்கொடுத்து வருகிற ஆட்டம் இல்லை அது.

“நாளைக்கு நான் போகல. நீ போ” என்றாள் தராசு.

“அந்த வேலையே வேணாம். நீங்க தோத்துப் போய் ஓடுறதுக்கு நான் சாக்கா?”

தராசு எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள், பிறகு கடைக்காரருக்குப் போன் போட்டாள். “என் பேர எழுதிக்கோங்க. அப்புறம் அந்த எட்டாவது ஆளு கிடைச்சாச்சு.”

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கே மாடிக்குப் போய்விட்டார்கள். தராசு வழியில் மூன்று முறை பையைத் திறந்து அறுபதையும் எண்ணினாள். நாத்தனார் படி ஏறும்போது வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள், இரண்டு தடவை கீழே போட்டாள். பத்து மணிக்குக் கடைக்காரர் டப்பாவில் இருந்து சீட்டு எடுத்து ஜோடி வாசித்தார். முதல் மேசைக்கு வாசித்த இரண்டு பெயரும் ஒரே வீட்டுப் பெயர்.

மாட்டிக்கொண்டோமே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உட்கார்ந்தார்கள்.

தராசு கட்டை எடுத்தாள். கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு ஏழு தடவை கலைத்தாள். கலைத்த கட்டை எதிராளி வெட்டலாம் என்பது போட்டி விதி. வீட்டில் நாத்தனார் ஒருநாளும் வெட்டியதில்லை. அண்ணி கலைத்ததை எதற்கு வெட்டுவது என்று விட்டுவிடுவாள்.

தராசு கட்டை அவள் பக்கம் தள்ளினாள். “வெட்டு.”

“பரவாயில்ல அண்ணி.”

“வெட்டுடி.”

நாத்தனார் வெட்டினாள். அதோடு விடவில்லை. எடுத்து நன்றாக, அவசரமே இல்லாமல், தன் பங்குக்கு ஏழு தடவை கலைத்து வைத்தாள்.

தராசு ஆட்டம் தொடங்குவதற்கான ஏழு கார்டு எடுத்தாள். ஏழும் வீரர்கள். ஒரு சக்தி இல்லை.

“எப்படி வந்திருக்கு?” என்று கேட்டாள் நாத்தனார், முகத்தைத் தன் கார்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

“எதிராளிகிட்ட சொல்ல மாட்டேன்” என்றாள் தராசு. “முதல்ல நீ ஆடு.”