எங்கள் வீட்டுச் சித்தியின் வருடச் செலவு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் கட்டடங்களில் மேலும் கீழும் போய்வருகிற மனிதர். ஏழாவது நாளாவது பேசாமல் படுத்துத் தூங்கலாம் இல்லையா? மாட்டார். அவரிடம் ஒரு விமானம் இருக்கிறது.

சிரிக்காதீர்கள், நிஜ விமானம்தான். இரண்டு பேர் உட்காரலாம். அதில் ஒருவர் கொஞ்சம் பூசினாற்போல இருந்தால் பெட்ரோலைக் குறைத்துப் போட வேண்டும். லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் ஒரு பெரியவர் பழைய கார் விலைக்குத் தருகிறேன் என்றாராம். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்து, மூன்று நாள் கழித்து என்னிடம் சொன்னார். அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவர் அதன் பக்கத்தில்தான் என்பதால், எங்கள் மகள் அதற்குச் சித்தி என்று பெயர் வைத்துவிட்டாள். "அப்பா எங்கேம்மா?" என்று அவள் மாடியிலிருந்து கத்துவாள். "உன் சித்தி வீட்டுக்குப் போயிருக்கார்!" என்று நான் கீழேயிருந்து கத்துவேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

நான் கீழ்த்தளத்தில் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன். எனக்கு எல்லாக் கணக்கும் ஜன்னல் கணக்குத்தான்; ஒரு ஜன்னலுக்குத் தைத்தால் வருகிற கூலிதான் என் அளவு. சித்தி தங்குகிற கொட்டகைக்கு மாத வாடகை ஆறு ஜன்னல். எங்கள் சமையலறைக் கூரை மழைக்கு ஒழுகி, மேலே நீலத் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறோம். அவளுக்கு மட்டும் ஒரு சொட்டு இறங்காத கொட்டகை! இன்சூரன்ஸ் வருடத்துக்கு முப்பது ஜன்னல். வருடத்துக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றிப் பார்த்துச் சான்று கொடுத்தால்தான் பறக்க விடுவார்கள், அதற்கு நாற்பது. ஒரு முறைகூட மேலே போகாவிட்டாலும் இது அத்தனையும் கட்டியாக வேண்டும். பெட்ரோலும் ஆயிலும் தனி.

இதோடு விட்டதா? இன்ஜினுக்கு இத்தனை மணி நேரம்தான் ஆயுசு என்று ஒன்று இருக்கிறதாம். "ஒரு மணி நேரம் பறந்தா, இன்ஜின்ல ஒரு மணி நேரத்தை நாம தின்னுட்டோம்னு அர்த்தம்" என்பார். ஆயுசு முடிந்தால் இன்ஜினையே மாற்ற வேண்டுமாம், தின்றதற்கு அவ்வப்போது பணம் எடுத்து வைக்க வேண்டாமா? கொட்டகையில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருக்கிறார். இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்து, பறந்த நேரத்துக்கு உண்டான பணத்தை அதில் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். சட்டை வாங்கக் கூசுகிற மனிதர் அந்த டின்னில் ஒரு நாள் குறை வைத்ததில்லை.

போன வருடம் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஃபீஸைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "இந்த வருஷம் அவளைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன். பெட்ரோலும் மிச்சம், டின் பணமும் மிச்சம்" என்றேன். ஏதாவது எதிர்த்துப் பேசுவார் என்று பார்த்தேன். "சரி" என்றார். பதினொரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறேன்!

வருடச் சோதனைக்கு இன்ஜினைத் திறந்தார்கள். நாலில் இரண்டு சிலிண்டர் துருப்பிடித்திருந்தது. மாற்றுவதற்கு நூற்றைம்பது ஜன்னல். டின் பணம் புது இன்ஜினுக்கென்று வைத்தது, அதில் அவர் கை வைக்க மாட்டார்.

"பழைய இன்ஜின், இப்படித்தான் ஆகும். வித்துடலாம்" என்றார், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி. ஒன்பது வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள், "குழம்பு ஊத்தவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். ஏனோ எனக்குப் பிடிக்கவே இல்லை.

விற்கத் தெரிந்தால்தானே? வாங்க வந்த முதல் ஆளை உட்காரவைத்து, வாடகையிலிருந்து டின் வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அந்த ஆள் நான் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் ஓடினான். இரண்டாவதாக வந்தவர், "வாங்கச் சொல்றீங்களா, வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டேவிட்டார். "உண்மையத்தானே சொன்னேன்" என்கிறார் இவர், பச்சைக் குழந்தை மாதிரி.

மூன்றாவதாக ஒரு பல் டாக்டரம்மா வருவதாகச் சொன்னார். "இந்த முறை நான் வர்றேன். நீங்க வாயைத் திறக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, முதல்முறையாக அந்த மைதானத்துக்குப் போனேன். ஊருக்கு வெளியே, சின்ன விமானங்கள் மட்டும் இறங்குகிற இடம். கொட்டகைக்குள் சித்தி முகம் வெளுத்து நின்றாள். இருக்கைகளில் நான் தைத்த உறை! ஒரு வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போன திரைச்சீலைத் துணியில், பெரிய பெரிய பூ போட்டது. எப்போதோ "ரெண்டு மெத்தை உறை தைச்சுக் குடு" என்று வாங்கிப்போனவர், எதற்கென்று சொல்லவே இல்லை.

டாக்டரம்மா சின்னப் பெண், முப்பது வயதுதான் இருக்கும். பறக்கிற லைசென்ஸ் வைத்திருந்தாள். நான் விலை பேசத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் அங்கிருந்த இன்ஜினியரிடம், "ஏன் துருப்பிடிச்சது?" என்று கேட்டுவிட்டாள்.

"ஓடாம கெடந்தா அப்படித்தாங்க. வாரம் ஒரு தடவை மேல போய், சூடேறி எறங்கினா ஈரம் தங்காது. அண்ணன் ஒரு ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டார். போன வருஷம்தான் ஆளையே காணோம். நாலு தடவை போன் பண்ணிச் சொன்னேன், துருப்பிடிச்சிடும் வாங்கண்ணேன்னு. இடுப்பு வலி, உட்கார முடியலைன்னுட்டார்."

எனக்குச் சுருக்கென்றது. இடுப்பு வலியா? முதல் நாள்கூட என் தையல் மிஷினை ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கிய மனிதருக்கா? திரும்பிப் பார்த்தேன். அவர் என் முகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடுப்பு வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை" என்றேன் இன்ஜினியரிடம். "நான்தான் தம்பி தொடாதீங்கன்னு சொன்னேன். மிச்சம் பிடிக்கிறேன்னு நான்தான் கெடுத்தேன்." அவமானம்தான், வேறென்ன? நாலு பேர் முன்னால் அழக்கூடாதென்று பூப்போட்ட உறையைத் தட்டித் துடைத்தேன்.

"விடுங்க அண்ணி" என்றான் அவன்.

டாக்டரம்மா மெதுவாக, "ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா இவ்வளவு செலவு என்னால தனியா தாங்க முடியாதுங்க. மாசத்துல ரெண்டு ஞாயிறுதான் எனக்கு லீவே" என்றாள்.

எனக்குள் இருந்த ஜன்னல் கணக்கு சட்டென்று விழித்துக்கொண்டது. ஒரு ஆள் பறந்தாலும் இரண்டு ஆள் பறந்தாலும் கொட்டகை வாடகை அதேதான். இன்சூரன்ஸ், சோதனை இரண்டும் அப்படித்தான். ஏதோ கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

"முழுசா யார் தர்றேன்னா?" என்றேன். "பாதி வாங்கிக்கோம்மா. நீ குடுக்கிற பணத்துல சிலிண்டரை மாத்திடலாம். வருஷச் செலவுல பாதி உனக்கு, பாதி எங்களுக்கு. பெட்ரோலும் டின்னும் அவங்கவங்க பறக்கிறதுக்கு. ரெண்டு ஞாயிறு நீ, ரெண்டு ஞாயிறு இவர். ஒரு வாரம்கூட அவ சும்மா நிக்கக்கூடாது. நின்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தவர்தான், மூட மறந்துவிட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "சரிக்கா" என்று கையை நீட்டினாள்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன். "துருப்பிடிக்கும்னு தெரியுமில்ல? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா போய்ப் பறங்கன்னுடுவே. அப்புறம் ஃபீஸுக்கு என்ன பண்ணுவே? உன் வளையலைத்தான் கழட்டுவே."

"சரி, அந்தத் தம்பிகிட்ட எதுக்குப் பொய்?"

கியரை மாற்றினார். "பொண்டாட்டி விடலைன்னு சொன்னா அங்க எல்லாரும் சிரிப்பானுங்க. உன்னை வெச்சு ஒருத்தன் சிரிக்கிறதை நான் எதுக்குக் கேக்கணும்?"

வீடு வரும்வரை நான் பேசவில்லை. என்னைப் பேசவிடாமல் செய்ய இந்த மனிதருக்கு இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

இரண்டு மாதத்தில் சித்தி தேறிவிட்டாள். அவருடைய முதல் ஞாயிறு அன்று காலையில் நானே போய் அவர் வண்டி முன்னால் நின்றேன். "எங்கே கிளம்பிட்டே?" என்றார். "என் உறை எப்படி இருக்குன்னு பாக்க வேண்டாமா?" என்றேன். என் எடைக்குப் பெட்ரோலைக் குறைத்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மேலே போனதும் முதல் பத்து நிமிடம் கண்ணைத் திறக்கவே இல்லை. பிறகு, "அதோ பாரு, நம்ம வீடு" என்றார். எட்டிப் பார்த்தேன். அத்தனை கூரைகளுக்கு நடுவில் எங்கள் நீலத் தார்ப்பாய் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. வெட்கக்கேடு! ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது பாதி வாடகைதானே, மிச்சத்தில் மழைக்கு முன்னால் ஓடு மாற்றிவிடலாம் என்றேன். அவரும் தலையாட்டினார். அன்றைக்கு நான் நிறைவாக இருந்தேன், அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அம்பது நிமிஷம்" என்று பையில் கையை விட்டார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு, என் தையல் காசில் முழு ஒரு மணி நேரத்துப் பணத்தை எண்ணி டின்னில் போட்டேன்.

"பத்து நிமிஷம் கூடப் போட்டுட்டியே" என்றார்.

"அது உங்க இடுப்பு வலிக்கு" என்றேன்.