அறுத்துப் பாத்த நாற்காலி

நான் மர்பி டவுன்காரன்ங்க. என் சம்சாரத்துக்கு முட்டி போச்சு. அவளுக்காக என் பழைய ஸ்கூட்டர் ஸ்பிரிங்கைப் போட்டு, எந்திரிக்கறப்ப தூக்கிவிடற நாற்காலி செஞ்சேன். அந்த ஸ்கூட்டர்லதான் கல்யாணமான புதுசுல அவளை சிவாஜிநகர் கூட்டிப்போவேன், அது வேற கதை.

இதை நெறைய செஞ்சு விக்கலாம்னு சொன்ன மருமகன் பேச்சைக் கேட்டு, பொம்மனஹள்ளியில புதுச் சாமானுக்கு டிசைன் பண்ணித் தர்ற ஆபீசுல நாற்காலியைக் குடுத்தேன். கடைசியில ஒரு கலர் படமும் மூட்டை நெறைய இரும்புத் துண்டும் தந்தாங்க.

"அளவெடுக்க அறுத்துட்டோம் அங்கிள். இனி ஃபேக்டரிக்காரங்க யாராவது எடுத்து செஞ்சாதான் நாற்காலி"ன்னாங்க.

"படத்து மேல எப்படிய்யா குந்துறது?"ன்னா சம்சாரம்.

ஸ்பிரிங்கையும் அறுத்துட்டாங்க, அந்த மாதிரி இப்ப எங்கயும் கெடைக்கல. வெல்டிங் புடிச்சா கை நடுங்குது. ஒண்ணே ஒண்ணு இருந்தா குடுக்காதீங்க, ரெண்டா செஞ்சுக்கங்கன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்றேன். வீட்ல அவளுக்கு என் தோளைக் குடுக்கறேன். அவ எந்திரிச்சா, நான் உக்காந்துடறேன்.