தொமியே எண்ணிய பதர்

பதினோரு வருடமாக தொமியே பார்க்கும் உத்தியோகம், நெல்லைக் குளிரில் வாட்டுவது. மியாகி மாகாணத்தில் உள்ள நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில், கோடை முழுக்கச் சோதனை வயலில் கெண்டைக்கால் மூழ்கக் குளிர்நீர் நிறுத்துவார்கள். அதையும் தாங்கி எந்த ரகம் மணி பிடித்தது என்று ஒவ்வொரு நெல்லாக நசுக்கிப் பார்த்து எண்ணுவாள். ஊரே பயிரிடும், அவள் வீட்டு வயலிலும் விளையும் சசானிஷிகியில் பெரும்பாலும் பதர். புதிதாக வந்த ஹிதொமெபொரேயில் பெரும்பாலும் மணி. விஞ்ஞானிகள் அவள் சொன்ன எண்ணை அப்படியே எழுதிக்கொண்டார்கள். வீட்டில்தான் யாரும் காதில் வாங்கவில்லை.

"சசானிஷிகிதான் சோறு. மத்ததெல்லாம் வயித்தை ரொப்பறது" என்பான் கணவன் கியொஹாரு. "மூணு வேளையும் அதையே தின்னுட்டு அதையே திட்டறியே!"

அவளுக்கும் அந்தச் சோறுதான் பிடிக்கும். அந்த எரிச்சல் தனி.

தொண்ணூற்று மூன்றில் கோடையே வரவில்லை. ஜூலையில் கடலிலிருந்து கீழைக்காற்று இறங்கியது. தொமியே கம்பளிச் சட்டையோடு வேலைக்குப் போனாள். மாலையில் திரும்பியதும் தங்கள் வயல் வரப்பில் நின்று கியொஹாருவிடம் சொன்னாள்.

"கதிர் இன்னும் தண்டுக்குள்ளதான் இருக்கு. தண்ணியை ஒரு சாண் ஏத்துங்க, காத்தைவிட அது வெதுவெதுப்பா இருக்கும், குளிர் அண்டாது."

"வரப்பு தாங்காது."

"அப்ப வரப்பை உசத்துங்க!"

"இது என்ன, உன் பண்ணையா?"

செப்டம்பரில் அவர்களுடைய ஐந்து வயலிலும் கதிர்கள் தலை சாயாமல் விறைத்து நின்றன. பத்து நாள் வெயிலடித்தால் பிடித்துக்கொள்ளும் என்றான் அவன். அவள் ஒரு பிடி அறுத்துவந்து, அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையிலேயே பரப்பினாள்.

"பதர். பதர். பதர். மணி. பதர்..."

"நிறுத்துடி."

"நூத்துக்கு எழுபத்தெட்டு பதர். பண்ணையில இதுக்குக் கூலி குடுப்பாங்க. உங்களுக்கு இனாம்."

அவன் மணியையும் பதரையும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டு முடித்தான். அடுத்த வருடத்துக்கு என்ன விதை என்று சொல்லவில்லை. பனிக்காலம் வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜனவரியில் ஊர்க்கூடத்தில் விதை மனு எழுதினார்கள். தொமியே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கியொஹாரு எழுந்தான்.

"அஞ்சு வயலுக்கும் ஹிதொமெபொரே. பத்து வருஷமாச் சொல்றேன், இந்த ஊர்ல ஒருத்தன் கேக்கலை."

பெரியவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். தொமியே கெண்டியோடு நிமிர்ந்தாள்.

"ஏங்க, அந்த நெல்லுக்குப் பேர் வெச்சே ரெண்டு வருஷம்தான் ஆவுது."

கூடம் சிரித்தது. கியொஹாரு மட்டும் சிரிக்காமல், கையெழுத்துக்குப் பதிலான தன் பெயர் முத்திரையை வாயால் ஊதி மனுவில் அழுத்திக் குத்தினான். அவள் கேட்ட விதை வந்துவிட்டது. கோபம் மட்டும் இறங்கவில்லை. அவன் நீட்டிய கோப்பையைத் தாண்டிப்போய் அடுத்த ஆளுக்கு ஊற்றினாள்.