சாமான் எண்ணுகிறவள்

ரயில் ஆத்தூரை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிடம் ஆனபோது ஹரி வந்து கேட்டான்.

“அக்கா, இசைப்பிரியா எங்க? அவ மாஸ்க்க வாங்கிக்கச் சொல்லுங்க. ரெண்டையும் தூக்கிக்கிட்டு எனக்குக் கை வலிக்குது.”

“பின்னாடி இருப்பா, பாரு.”

“பாத்துட்டேன்க்கா. இல்ல.”

அன்புக்கரசியின் கையில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழம் இருந்தது. அதை எங்கே வைத்தாள் என்று பிறகு எப்போதும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

அன்புக்கரசி வடக்குத்துக்காரி. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அங்கே படித்த இயற்பியலைவிட அங்கே ஆடிய பேஸ்பால்தான் அவளோடு ஊருக்குத் திரும்பி வந்தது. வேலை கிடைக்காத இரண்டு வருடத்தில் வடக்குத்துப் பிள்ளைகளையும் பக்கத்துச் சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளையும் சேர்த்து ஓர் அணி கட்டினாள். யாரும் சம்பளம் வாங்காத சங்கம். சாமான்கள் எல்லாம் கல்லூரியில் கழித்துவிட்டவை. “கிரிக்கெட்டும் இல்ல, கில்லியும் இல்ல. இது என்னாடி ஆட்டம்?” என்று கேட்ட அப்பா ராஜாங்கம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்து முள்ளை வெட்டிக் கொடுத்தார். 2016 ஏப்ரலில் சேலத்தில் போட்டி என்று அழைப்பு வந்தது. வெளியூருக்கு அவர்கள் போகும் முதல் பயணம். விருத்தாசலத்தில் ரயில் ஏறினார்கள்.

பதினான்கு பிள்ளைகள். ஒன்பது கிளவுஸ், இரண்டு மட்டை, பந்து முகத்தில் படாமல் மாட்டும் மாஸ்க் ஒன்று, பந்துப்பை, மருந்துப்பெட்டி. ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு நிறுத்தம் தாண்டியதும் அவள் “சாமான்!” என்று கத்துவாள், பிள்ளைகள் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார்கள், அவள் எண்ணுவாள். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்டில் மண் வெட்டப் போன காலத்தில், ஷிப்ட் முடிந்து லாரியில் ஏறும்போது மேஸ்திரி மண்வெட்டிகளைத்தான் எண்ணுவார். மண்வெட்டி வந்துவிட்டால் ஆள் வந்த மாதிரி. சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அதில் தப்பு எதுவும் தோன்றவில்லை. சாமானும் தொலையாது, பிள்ளையும் தொலையாது.

ஆத்தூர் தாண்டியும் எண்ணினாள். பதினான்கு இருந்தது.

“தண்ணி புடிச்சிக்கினு வரேன், இத வச்சிக்கடான்னா. நீங்க சாமான்னு கத்துனீங்க. ரெண்டு கையையும் தூக்கிட்டேன்.” ஹரி மாஸ்க்கை நீட்டினான். “அவ பின்னாடி ஏறியிருப்பான்னு நெனச்சேன்க்கா.”

கழிவறைக் கதவுகளைத் தட்டினாள். இசைப்பிரியா, இசைப்பிரியா என்று கூப்பிட்டாள். பதினொரு வயது. பச்சை சுடிதார். ஆத்தூர் நடைமேடையில் தனியாக. அபாயச் சங்கிலியை அண்ணாந்து பார்ப்பதற்குள் ரயில் வேகம் குறைந்தது. பெத்தநாயக்கன்பாளையம். “எல்லாரும் எறங்குங்க!” பதிமூன்று பிள்ளைகளை வெயிலில் இறக்கினாள். ரயில் போய்விட்டது.

நிலையத்தில் இருந்த ஒரே அலுவலர் ஆத்தூருக்குப் போன் போட்டார். கேட்டார். மறுபடி கேட்டார். அவளைப் பார்க்காமலே சொன்னார்: “குழா கிட்ட யாரும் இல்லையாம்மா. வெளியவும் பாத்துட்டாங்களாம்.”

நீ யார், எந்தத் தைரியத்தில் ஊரார் பிள்ளைகளை ரயிலில் ஏற்றினாய்? வேலைக்குப் போகாதவள் என்ற பேர் போகட்டும் என்றுதானே? பிள்ளைகளுக்காக என்று சொன்னதெல்லாம் யாருக்காக? இசைப்பிரியாவின் அம்மா, மைன்ஸ் கேன்டீனில் பாத்திரம் கழுவும் வீரம்மாள், மூன்று தரம் முடியாது என்று சொன்னவள், காலையில் பஸ் நிறுத்தத்தில் மகளின் கையைப் பிடித்து இவள் கையில் வைத்தாள். “ரயில நான் நம்பல அன்பு. உன்னத்தான் நம்பறேன்.”

போன் அடித்தது. வீரம்மாள்.

நான்கு முறை அடிக்க விட்டு எடுத்தாள்.

“அன்பு, எம்பொண்ணு எங்க?”

“இங்கதாங்க்கா.” குரல் அவளுடையது போலவே இல்லை. “பக்கத்துலதான் இருக்கா. சாப்புட்டுக்கினு இருக்கா.”

எதிர்ப்பக்கம் பாத்திரம் உருளும் ஒலி கேட்டது.

“அவ வாழப்பாடில இருக்கா,” என்றாள் வீரம்மாள். “ரயிலு நகந்திடுச்சின்னு கடைசிப் பொட்டில ஏறியிருக்கா. வழி தப்புனா எடத்த வுட்டு அசையாத, நான் வருவேன்னு நீதான சொன்ன? அசையாம குந்திக்கினு இருந்திருக்கா. அவ அழுவுறத யாரோ பூக்காரம்மா பாத்துட்டு எறக்கி வச்சிக்கினு, அவங்க போன்லருந்து பேசினாங்க. ஓடு, போய்க் கூட்டிக்கினு வா.”

“அக்கா...”

“போ மொதல்ல.”

பிள்ளைகளோடு பஸ் பிடித்து வாழப்பாடிக்குப் போனாள். நிலையத்துப் பெஞ்சில் பூக்கூடைக்குப் பக்கத்தில் இசைப்பிரியா உட்கார்ந்திருந்தாள். அன்புக்கரசி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். பூக்காரம்மா, “பச்சப்புள்ளைய இப்பிடியா வுடுவாங்க?” என்று திட்டினாள். அந்தத் திட்டு அவளுக்கு வேண்டியிருந்தது. இசைப்பிரியா இப்போது அழவில்லை. “நான் அசையவே இல்லக்கா,” என்றாள். பிறகு ஹரியைப் பார்த்து, “எம்மாஸ்க் எங்கடா? வுட்டுட்டியா?” என்றாள்.

சேலத்தில் ஆடினார்கள், தோற்றார்கள். எத்தனைக்கு எத்தனை என்று அவளுக்கு ஞாபகமில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அன்புக்கரசி வீரம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“புள்ள காணாப்போனதுக்கு எனக்குக் கோவம் இல்ல,” என்றாள் வீரம்மாள். “நானே திருவிழால வுட்டுட்டுத் தேடியிருக்கேன். நீ சாப்புடறான்னு சொன்ன பாரு. அதுதான் நெஞ்சுல நிக்குது. அந்தப் பூக்காரம்மா போன் பண்ணாம இருந்தா, அந்தச் சோத்த நம்பிக்கினு நான் பாத்திரம் தேச்சிக்கினு இருந்திருப்பேன்.”

ஏழு மாதம் இசைப்பிரியா வெளியூர் போகவில்லை. மைதானத்துக்கு மட்டும் வந்தாள். நவம்பரில் திருச்சிக்கு அழைப்பு வந்தபோது அன்புக்கரசி கேட்கக்கூட இல்லை. வீரம்மாளே மகளைப் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டி வந்தாள். இந்தத் தடவை கையைப் பிடித்துக் கையில் வைக்கவில்லை.

“ஒவ்வொரு ஸ்டேஷன் தாண்டினதும் எனக்குப் போன் போடு. அவ பேசணும். நீ பேச வேணாம்.”

இப்போது ரயில் நகர்ந்ததும் அன்புக்கரசி சாமான் என்று கத்துவதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுப் பெயரைச் சொல்கிறாள். கடைசியில் போனைப் போட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், இசைப்பிரியாவின் காதில் வைக்கிறாள். “இருக்கேன்மா,” என்று அவள் சொல்லி முடித்த பிறகுதான் போனைத் திரும்ப எடுக்கிறாள்.